மிடில்-எர்த்துக்கு எந்த விதிநூல்?

ஒரு மேசை, நாலைந்து பேர், சில பகடைகள், ஆளுக்கொரு கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத்தின் எண்களைக் குறித்துவைக்கும் தாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் இவ்வளவுதான். இதை ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவலின் மிடில்-எர்த் உலகத்தில் ஆடலாம் என்று ஒரு குழு கிளம்பினால் முதல் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1984 முதல் இன்றுவரை அந்த உலகத்துக்கு உரிமம் வாங்கி வந்த பெரிய விதிநூல்களே குறைந்தது ஐந்து. எதை எடுப்பது?

"எது நாவலுக்கு ரொம்ப நெருக்கம்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்கு ஒவ்வொரு விதிநூலின் ரசிகரும் தன் நூலைத்தான் காட்டுவார். நான் வேறு மாதிரி கேட்பேன்: இந்த விதிநூல் எதை எண்ணுகிறது? காயத்தை எண்ணுகிற ஆட்டத்தில் எல்லாரும் காயத்துக்குப் பயப்படுவார்கள். தங்கத்தை எண்ணினால் தங்கம் தேடுவார்கள். களைப்பை எண்ணினால், இன்றைக்கு இரவு எங்கே ஒதுங்குவது என்பதே அரை மணி நேர வாக்குவாதமாகும். நடத்துபவர் எவ்வளவு அழகாக வர்ணித்தாலும், ஷீட்டில் எந்த எண் இறங்குகிறதோ அதன்மேல்தான் ஆடுபவர்களின் கண் இருக்கும்.

டோல்கீன் உலகத்தில் இது கூடுதலாக இடிக்கும் காரணம், இந்தப் பொழுதுபோக்கின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் & டிராகன்ஸ், டோல்கீனிடமிருந்து தாராளமாகவே எடுத்துக்கொண்டது. ஆரம்ப அச்சுகளில் ஹாபிட், என்ட், பால்ராக் என்ற பெயர்கள் அப்படியே இருந்தன. உரிமையாளர் தரப்பு ஆட்சேபித்த பிறகு அவை ஹாஃப்லிங், ட்ரீயன்ட், பேலர் என்று மாறின. பெயர்கள் வந்தனவே தவிர கதையின் போக்கு வரவில்லை. அந்த ஆட்டத்தில் அன்று மீட்டுவந்த ஒரு தங்கக்காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி. நாவலிலோ ஒன்பது பேர் கிளம்புவதே ஒரு பொருளைத் தொலைப்பதற்காக, ஒரு தீய மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிப்பதற்காக. பகைவன் சாரோனின் நாடான மோர்டோருக்குள் இனி சுமக்க முடியாது என்றானதும் ஹாபிட் இனத்துச் சாம் தன் சமையல் பாத்திரங்களைப் பிரிய மனமில்லாமல் தூக்கிப் போடுகிறான். வாள் வீச்சே இல்லாத அந்தக் காட்சி, பல போர்க்களங்களைவிட மனதில் நிற்கிறது. மோதிரத்தைச் சுமந்து எரிமலையின் விளிம்பு வரை வந்த அவன் எஜமான் ஃப்ரோடோவின் உறுதி அங்கே உடைந்தும் போகிறது. பகடை உருட்டும் ஆட்டத்தில் இதற்கு இடம் எங்கே? ஒவ்வொரு விதிநூலும் இதற்குத் தன் வழியில் ஒரு பதில் வைத்திருக்கிறது. சிலவற்றில் பதிலே இல்லை.

மெர்ப்: அட்டவணைகளின் ராஜ்ஜியம்

மிடில்-எர்த் ரோல் பிளேயிங், சுருக்கமாக மெர்ப். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் நகரில் இருந்த அயர்ன் கிரவுன் என்டர்பிரைசஸ் 1984-ல் வெளியிட்டது. ரோல்மாஸ்டர் என்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்த பிரம்மாண்டமான விதித்தொகுப்பை இளைக்க வைத்து எஸ். கோல்மன் சார்ல்டன் எழுதியது இது. இளைத்த பிறகும் கனம்தான்.

பத்துப் பக்கப் பகடை இரண்டை உருட்டி 1 முதல் 100 வரை ஓர் எண் எடுக்க வேண்டும். 96 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். கையில் என்ன ஆயுதம், எதிரி போட்டிருப்பது என்ன கவசம் என்று அட்டவணையில் பார்க்க வேண்டும். அடி பலமாக விழுந்திருந்தால் இன்னோர் அட்டவணை. அங்கே எலும்பு முறியும், காது அறுபடும், நிலைகுலைந்து மூன்று சுற்று நிற்பான், அல்லது அந்த இடத்திலேயே செத்துப்போவான். பத்து மாதம் ஆடி வளர்த்த வீரனை ஒரு சாதாரண ஓர்க்கின், அதாவது சாரோன் படையின் கடைநிலை அரக்கனின், அம்பு முடித்துவிடும். தடுமாறி விழுவதற்கான அட்டவணையில், கண்ணுக்குத் தெரியாத, கற்பனையான, ஏற்கெனவே செத்துப்போன ஓர் ஆமை தடுக்கி விழலாம் என்று ஒரு வரி உண்டு. மெர்ப் ஆடியவர்கள் முப்பது வருடம் கழிந்தும் அந்த ஆமையைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்க நல்ல விஷயம்தான். ஆனால் இந்த ஆட்டம் எண்ணுவது உடம்பின் சேதத்தை மட்டுமே என்பதற்கும் அதுவே சாட்சி. மனம் உடைவதற்கு இங்கே அட்டவணை கிடையாது.

மந்திரத்தில்தான் பெரிய பிசகு. நாவலில் மந்திரம் செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மந்திரவாதி கேன்டால்ஃபே பெரும்பாலும் பேசித்தான் காரியம் சாதிப்பார். கைத்தடியில் வெளிச்சம் வருவதே அபூர்வம். மெர்ப்பில் மேஜ், அனிமிஸ்ட் என்று மந்திரக்காரப் பாத்திர வகுப்புகளே உண்டு. ரேஞ்சரும் பார்டும்கூட மந்திரம் கற்கலாம். ரோல்மாஸ்டரிலிருந்து இறங்கிவந்த சொத்து அது. அந்த வீட்டு வழக்கப்படி வந்ததே ஒழிய, டோல்கீன் வீட்டு வழக்கம் இல்லை.

அப்படியிருந்தும் மெர்ப்பை ஒதுக்க எனக்கு மனம் வராது. காரணம் விதிகள் இல்லை, அதன் துணைநூல்கள். பீட் ஃபென்லன் வரைந்த வண்ண நிலப்படங்களும் ஆங்கஸ் மெக்பிரைட் தீட்டிய அட்டைகளும் அந்தக் காலத்து விளையாட்டு நூல்களில் தனி ரகம். பெரும்பாலான நூல்களைக் கதைக்காலமாக, நாவல் நடக்கும் அதே மூன்றாம் யுகத்தில், 1640-ஐ ஒட்டி வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான தேர்வு. பெருங்கொள்ளை நோய் வந்துபோய் நான்கு வருடம். வடக்கே அர்த்தடைன் அரசு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆங்மாரின் சூனிய மன்னனும் இருக்கிறான். மோர்டோரின் எல்லையில் தெற்கத்து அரசான கோண்டோர் வைத்திருந்த காவல் தளர்ந்துவிட்டது. நாவல் தொடங்க இன்னும் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் பாக்கி. டோல்கீன் சில வரிகளில் கடந்துபோன காலம் என்பதால், ஆடுபவர்கள் என்ன செய்தாலும் நாவலோடு மோதாது. வெற்றிடத்தை நிரப்பும் ஆசை சில இடத்தில் அளவு மீறியதும் உண்மை. சாரோனின் அடிமை ஆவிகளான நாஸ்கூல் ஒன்பது பேரில் டோல்கீன் பெயர் வைத்தது காமூல் ஒருவனுக்குத்தான். மற்றவர்களுக்கும் இவர்களே பெயரும் ஊரும் பூர்விகமும் எழுதிவிட்டார்கள். பெயரில்லாமல் இருந்ததுதான் அவர்களுடைய பயங்கரம் என்று நினைக்கும் கட்சி நான்.

வாங்குவதில் இருக்கும் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். அயர்ன் கிரவுன் 1999-ல் உரிமத்தை இழந்தது, அடுத்த வருடம் திவாலானது. அதன்பின் மறு அச்சு இல்லை, சட்டப்படி மின்நூலாக வாங்கவும் வழியில்லை. பழைய புத்தகச் சந்தையில் சேகரிப்பாளர்களோடு போட்டி போட வேண்டும். அவர்கள் ஆடுவதற்காக வாங்குவதில்லை, விலையும் அப்படித்தான் இருக்கும். அட்டவணை ஆட்டம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அகெய்ன்ஸ்ட் த டார்க்மாஸ்டர் என்ற புதிய நூல் இருக்கிறது. மெர்ப்பின் வாரிசு என்றே அதைச் சொல்லலாம். டோல்கீன் பெயர்கள் மட்டும் இருக்காது. அவற்றை நாம் சேர்த்துக்கொள்ள யார் தடுக்கப் போகிறார்கள்?

நடுவில் ஒன்று வந்துபோனது

திரைப்படங்கள் ஓடிக்கொண்டிருந்த 2002-ல் டெசிஃபர் நிறுவனம் ஒரு விதிநூல் போட்டது. பக்கத்துக்குப் பக்கம் படத்தின் புகைப்படங்கள், இரண்டு ஆறுபக்கப் பகடையில் ஓடும் எளிமையான கணக்கு. பார்க்க அழகு, படிக்கச் சுகம். விதிகளில் மிடில்-எர்த்துக்கென்று பிறந்தது குறைவு. வேறு எந்தக் கற்பனை உலகத்துக்கும் இதே எந்திரத்தை மாட்டியிருக்கலாம். சில வருடங்களில் நின்றுபோனது. பழைய கடையில் மலிவாகக் கண்ணில் பட்டால் படங்களுக்காக எடுங்கள். ஆடுவதற்குத் தேர்வு செய்கிறவர்கள் இதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

த ஒன் ரிங்: களைப்பும் நம்பிக்கையும்

2011-ல் இத்தாலியர்களான ஃப்ரான்செஸ்கோ நெபிடெல்லோவும் மார்கோ மாஜியும் உருவாக்கிய இந்த ஆட்டத்தை இங்கிலாந்தின் க்யூபிகிள் 7 வெளியிட்டது. இருவரும் அதற்கு முன்பே வார் ஆஃப் த ரிங் என்ற பலகை விளையாட்டைச் செய்து பெயர் வாங்கியவர்கள். பிறகு உரிமம் கைமாறி ஸ்வீடனின் ஃப்ரீ லீக்குக்குப் போனது. 2022-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. இன்று கடையில் கிடைப்பதும் நான் இங்கே பேசுவதும் அந்தப் பதிப்பு.

ஒரு 12 பக்கப் பகடையோடு, திறமை எத்தனையோ அத்தனை 6 பக்கப் பகடைகளை உருட்ட வேண்டும். 12 பக்கப் பகடையில் இரண்டு முகங்களில் எண்ணுக்குப் பதில் சின்னம். ஒன்று கேன்டால்ஃபின் எழுத்து, விழுந்தால் கேள்வியில்லாமல் வெற்றி. மற்றது சாரோனின் கண், அதற்கு மதிப்பு பூஜ்ஜியம். எட்ட வேண்டிய எண் 20-லிருந்து உங்கள் பலம், இதயம், புத்தி மூன்றில் பொருத்தமானதைக் கழித்தால் வரும். ஆக இலக்கை நடத்துபவர் ஒவ்வொரு முறையும் யோசித்து வைக்க வேண்டியதில்லை; அவரவர் ஷீட்டிலேயே இருக்கிறது.

ஷீட்டின் நடுவில் இரண்டு குளங்கள். ஒன்று தாக்குப்பிடிக்கும் சக்தி, இன்னொன்று நம்பிக்கை. ஹாபிட்டாக ஆடினால் சக்திக்குப் பலத்தோடு 18 கூட்டுவார்கள், நம்பிக்கைக்கு இதயத்தோடு 10. ட்வார்ஃபுக்கு 22-ம் 8-ம். வடக்கத்து ரேஞ்சருக்கு 20-ம் வெறும் 6-ம். இந்த ஆறு எண்களை மட்டும் பாருங்கள். குட்டையான ஹாபிட் சீக்கிரம் களைப்பான், ஆனால் மனம் தளர மாட்டான். நாவலில் அரசவாரிசான அரகார்னின் இனத்து ரேஞ்சர் உடம்பில் இரும்பு, உள்ளுக்குள் தலைமுறை தலைமுறையாகத் தோற்ற சோகம். பத்துப் பக்கம் வர்ணித்துச் சொல்ல வேண்டியதைக் கூட்டல் கணக்கில் சொல்லிவிட்டார்கள்.

சுமப்பது ஆயுதம், கவசம் மட்டுமில்லை. பயணத்தில் ஏற்படும் அலுப்பும் சுமைக் கணக்கில் ஏறும். சக்தி குறைந்துகொண்டே வந்து சுமையைத் தொட்டதும் நீங்கள் சோர்ந்தவர். சோர்ந்தவரின் 6 பக்கப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பூஜ்ஜியம்.

இதன் உறைப்பு கணக்குப் போட்டால் தெரியும். இதயம் 6, திறமை 2 என்று ஒரு ஹாபிட். இலக்கு 14. சாதாரணமாக உருட்டினால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 42. சோர்ந்துபோய் உருட்டினால் 31. நம்பிக்கைப் புள்ளி ஒன்றைச் செலவழித்து ஒரு பகடை கூடுதலாக வாங்கினால் 69. அதாவது சும்மா இருந்தால் தோற்பதுதான் சகஜம்; நம்பிக்கையை எடுத்துச் செலவழித்தால் ஜெயிக்கலாம், ஆனால் அது திரும்பிவரத் தாமதமாகும். அதே நேரத்தில் இன்னொரு பக்கம் நிழல் என்ற எண் ஏறிக்கொண்டிருக்கிறது. திகிலைப் பார்த்தால் ஏறும், சபிக்கப்பட்ட தங்கத்தைத் தொட்டால் ஏறும். கைதியை மிரட்டினாலோ திருடினாலோ கொலை செய்தாலோ ஏறும். அப்படிச் செய்த தவறால் வரும் நிழலைப் பகடை உருட்டித் தடுக்கவே முடியாது. இறங்கும் நம்பிக்கையும் ஏறும் நிழலும் சந்தித்துவிட்டால் பாத்திரம் துயரத்தில் விழும், சாரோனின் கண் விழுகிற ஒவ்வொரு உருட்டலும் தோல்வி. இன்னும் மேலே போனால் பித்துப் பிடித்தாற்போல ஒரு காரியம் செய்துவிட்டுக் குணத்தில் நிரந்தரக் கறை ஒன்றோடு மீள வேண்டும். ஒன்பது பேரில் ஒருவனாக வந்து மோதிர ஆசையில் தடம்புரண்ட போரோமிருக்கு நடந்தது என்ன என்று மேசையில் யாரும் விளக்க வேண்டிய தேவையே இராது.

பயணத்துக்குத் தனி விதி. வழிகாட்டி, முன்னோடி, காவல், வேட்டை என்று நான்கு பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வார்கள். நிலப்படத்தில் அறுகோணக் கட்டங்களை எண்ணி நடக்கும்போது எங்கோ ஓரிடத்தில் ஏதாவது நடக்கும், யார் பொறுப்பில் என்பதைப் பகடை சொல்லும். சண்டைக்கு நடுவே தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்து சுமையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன விதி இருக்கிறது. சாம் பாத்திரங்களை எறிந்ததற்கு விதிநூலில் இவ்வளவு பக்கத்தில் வந்த இடம் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

சாகசம் முடிந்ததும் ஃபெலோஷிப் கட்டம். ஊர் திரும்புவார்கள், ஆறுவார்கள், பாட்டுக் கட்டுவார்கள், வாரிசு ஒருவரை வளர்த்துவிடுவார்கள். பனிக்காலத்தில் வருடமே கழியும். மாதம் ஒரு முறை கூடினாலே பெரிய விஷயம் என்றிருக்கும் நடுவயதுக் குழுக்களுக்கு இது வசதி. போன தடவை குகையின் எந்தத் திருப்பத்தில் நிறுத்தினோம் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு கதையும் வீட்டுக்கு வந்துதான் முடிகிறது.

கதைக்களம் மிடில்-எர்த்தின் வடமேற்குப் பகுதியான ஏரியடோர், வருடம் மூன்றாம் யுகம் 2965. ஃப்ரோடோ பிறக்க இன்னும் மூன்று வருடம். குழுவுக்கு ஆதரவாக ஃப்ரோடோவின் உறவுக்கார ஹாபிட் பில்போவோ கேன்டால்ஃபோ ட்வார்ஃபான பாலினோ இருக்கலாம். பாலினைத் தேர்ந்தெடுத்தால் ஒரு விசித்திரமான பாரம் கூடவே வருகிறது: 2989-ல் அவர் ட்வார்ஃப்களின் கைவிடப்பட்ட நிலத்தடி நகரமான மோரியாவுக்குள் போவார், ஐந்தே வருடத்தில் கல்லறையாவார் என்பது மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், பாலினுக்கு மட்டும் தெரியாது.

குறை இல்லையா? இருக்கிறது. சண்டைக்கு முன்னணி, திறந்த நிலை, தற்காப்பு, பின்னணி என்று நான்கு நிலைகள்தான். கட்டம் போட்ட வரைபடத்தில் காய் நகர்த்தி ரசிப்பவர்களுக்கு மூன்றாவது சண்டையிலேயே அலுத்துவிடும். பயண விதியை நடத்துபவர் எந்திரம்போல ஓட்டினால் அது பகடை உருட்டி அலுப்புப் புள்ளி எழுதும் குமாஸ்தா வேலையாகிவிடும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் அங்கேயே ஒரு குட்டிக் காட்சி கட்டத் தெரிய வேண்டும். மந்திரவாதியாக ஆட ஆசைப்பட்டு வருபவருக்கு இங்கே எதுவுமே இல்லை. இருக்கவும் கூடாது என்பேன். ஆனால் அந்த நண்பர் சனிக்கிழமை சாயங்காலத்தை ஒதுக்கிவிட்டு வருகிறார் என்பதையும் நினைக்க வேண்டும்.

ஐந்தாம் பதிப்பின் வழி

அந்த நண்பருக்காக இல்லாவிட்டாலும், அவரைப் போல டஞ்சன்ஸ் & டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு மட்டுமே பழகிய பெருங்கூட்டத்துக்காக ஒரு பாலம் போட்டார்கள். முதலில் க்யூபிகிள் 7-இன் அட்வென்ச்சர்ஸ் இன் மிடில்-எர்த், 2016. அவர்களிடமிருந்து உரிமம் போனதும் அது நின்றது. 2023-ல் ஃப்ரீ லீக் அதே எண்ணத்தைப் புதிதாகச் செய்து த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ரோல்பிளேயிங் என்ற பெயரில் கொண்டுவந்தது.

20 பக்கப் பகடை, ஆறு குணங்கள், கவச எண், உயிர்ப்புள்ளி எல்லாம் பழகியவையே. மேலே சொன்ன பயணம், நிழல், ஃபெலோஷிப் கட்டம் ஆகியவற்றை அந்தச் சட்டகத்துக்குள் பொருத்தியிருக்கிறார்கள். கேப்டன், சாம்பியன், மெசஞ்சர், ஸ்காலர், ட்ரெஷர் ஹன்டர், வார்டன் என்று வகுப்புகள் ஆறு. மந்திரம் ஓதும் வகுப்பு ஒன்றுகூட இல்லை. நிலைகள் (லெவல்) 20 வரை போகாமல் 10-லேயே நின்றுவிடும். அடிப்படை விதிகள் தனியாகக் கைவசம் இருக்க வேண்டும், ஆனால் அவற்றின் மூல ஆவணம் இலவசமாகவே கிடைக்கிறது.

வேலைப்பாடு நேர்த்தி. மந்திரத்தை எடுத்தது சரி. நிலையைப் பாதியாக்கியதும் சரி. இருந்தாலும் அடியில் ஓடும் எந்திரம் மாறவில்லை. ஐந்தாம் பதிப்பு எண்ணுவது வளர்ச்சியை. நிலை ஏற ஏற உயிர்ப்புள்ளி ஏறும். முதல் நிலையில் குலைநடுங்க வைத்த ஓர்க் எட்டாம் நிலையில் கொசு. த ஒன் ரிங்கில் எத்தனை வருடம் ஆடினாலும் உடம்பின் சக்தி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். திறமை கூடும், துணிச்சலும் ஞானமும் கூடும், ஆனால் நாலு ஓர்க்குகள் சேர்ந்து வந்தால் கடைசிவரை அது ஆபத்துத்தான். அம்புகள் துளைத்து மரத்தடியில் சாய்ந்த போரோமிர் குழந்தை வீரன் ஒன்றும் இல்லையே. நாவலின் பயம் அந்த மட்டத்தில் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் தோலுக்கு மேல் நிழல் விதியைப் பூசியிருப்பதால், ஆடுபவர்கள் அடுத்த நிலை எப்போது என்று கேட்டுக்கொண்டே நிழல் புள்ளியையும் குறித்துக்கொள்வார்கள். இரண்டு மனம்.

ஒரு பெரிய சாதகத்தை மறுக்க முடியாது. பழகிய குழுவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். த ஒன் ரிங்குக்கு முதல் இரண்டு அமர்வுகளாவது தடுமாற்றத்தில் போகும், அதுவும் சுமையும் சோர்வும் எப்படிச் சேர்கின்றன என்பது தலைக்குள் ஏற.

துணைநூல்களை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா என்றால், முடியாது. ஃப்ரீ லீக் இரண்டு வரிசைக்கும் இணையாகவே போடுகிறது. ஏரியடோரின் பாழ்நிலங்கள், மோரியா, ஹாபிட்களின் நாடான ஷயர் என்று முக்கியமான களங்கள் எல்லாம் இரண்டு விதிகளிலும் உண்டு. மோரியா நூல் மட்டும் எந்த வரிசையில் வாங்கினாலும் மோசம் போகாது. அந்த இருட்டுக்கு விதி எதுவானாலும் கவலையில்லை.

ஒரு பைசா செலவில்லாத வழி

கையில் இருக்கும் டஞ்சன்ஸ் & டிராகன்ஸையே வைத்துக்கொண்டு, நாவலின் நிலப்படத்தை விரித்துப் போட்டு ஆடிவிடலாமே? ஆடலாம், பலர் ஆடுகிறார்கள். முதல் அமர்விலேயே ஒருவர் நெருப்புப் பந்து வீசுவார், இரண்டாவதில் ஒருவர் செத்தவனை எழுப்புவார், மூன்றாவதில் கழுகைக் கூப்பிடலாமா என்ற கேள்வி வரும். அது தரும் சந்தோஷம் அசல்தான், மிடில்-எர்த் மட்டும் பெயர்ப்பலகையில் நின்றுவிடும். குழந்தைகளோடு ஆடுபவர்களுக்கு இதுவே போதும், நான் தடுக்க மாட்டேன்.

யாருக்கு எது

விதிநூலை விட முக்கியமான ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்: டோல்கீனின் பழங்கதைத் தொகுப்பான சில்மரில்லியனைக் கரைத்துக் குடித்தவர். "அந்த வருடத்தில் அந்தப் பாலம் இடிந்திருக்குமே" என்று அவர் ஆரம்பித்தால் ஆட்டம் நின்றுபோகும். அப்படி ஒருவர் இருந்தால் இரண்டே வழி. அவரையே நடத்துபவராக்குங்கள், அல்லது கதையை மெர்ப்பின் 1640-க்குக் கொண்டுபோய்விடுங்கள். அங்கே அவருக்கும் குறிப்பு குறைவு. விதி த ஒன் ரிங்குடையதாகவும் காலம் மெர்ப்புடையதாகவும் வைத்து ஆடுவதில் ஒரு தடையும் இல்லை. ரேஞ்சர்களுக்குப் பதில் அர்த்தடைனின் படைவீரர் என்று கொஞ்சம் பெயர் மாற்றினால் போதும். எனக்குக் கிடைத்த ஆட்டங்களில் ருசியானது அந்தக் கலவைதான்.

குழுவில் யாருமே நாவலைப் படித்ததில்லை, படம்தான் பார்த்திருக்கிறார்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. த ஒன் ரிங்கின் ஸ்டார்டர் செட் அவர்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறது. ஷயரைத் தாண்டாத சின்னச் சின்னக் கதைகள், அனுப்பி வைப்பவர் பில்போ, தயாராக எழுதிவைத்த பாத்திரங்கள் எல்லாரும் ஹாபிட்கள். அவர்களில் ட்ரோகோவும் ப்ரிமுலாவும் உண்டு, பின்னாளில் ஃப்ரோடோவைப் பெறப்போகிறவர்கள். பில்போவின் வெள்ளிக் கரண்டிகளைக் கொண்டுபோனவள் என்று பேர் வாங்கப்போகும் லோபீலியாவும் உண்டு. அவளை ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டால் அந்தச் சாயங்காலம் தானாக நடக்கும். நாவல் படித்தவர் சிரிப்பார், படிக்காதவருக்கும் ஒரு குறையும் தெரியாது.

தனியாள்? குழு சேரவே இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது என்பவர்களுக்கு ஸ்ட்ரைடர் மோட் என்று த ஒன் ரிங்குக்குத் தனியாட்ட விதி இருக்கிறது. கேள்வி கேட்டுப் பகடையிடமே பதில் வாங்கி, நாட்குறிப்பு எழுதிக்கொண்டு போகலாம். மற்ற எந்த விதிநூலையும் தனியே ஆடுவது இதைவிடச் சிரமம், ஏனென்றால் பயணமும் களைப்பும் நடத்துபவர் இல்லாமலே கதை உண்டாக்கும். சண்டை மட்டும் அப்படி உண்டாக்காது.

வருடக்கணக்கில் ஐந்தாம் பதிப்பு ஆடி, வாரந்தோறும் தவறாமல் கூடி, புதிய கணக்குப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லாத குழு என்றால் த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ரோல்பிளேயிங். தயங்க வேண்டாம். கெட்ட ஆட்டம் என்று அதை யாராலும் சொல்ல முடியாது. நடத்துபவர் ஒன்றை மட்டும் இறுகப் பிடிக்க வேண்டும்: நீண்ட ஓய்வு பாதுகாப்பான இடத்தில் மட்டுமே. ரிவென்டெல்லோ ப்ரீயின் விடுதியோ சரி. மழையில் நனைந்த மலைச்சரிவில் எட்டு மணி நேரம் படுத்து எழுந்ததும் உயிர்ப்புள்ளி முழுசாக நிரம்ப விட்டால், அன்றைக்கே பயணம் என்ற ஒன்று ஆட்டத்திலிருந்து கழன்றுவிடும்.

மற்ற எல்லாருக்கும், அதாவது புதிதாகத் தொடங்குபவர்கள், மாதம் ஒரு முறை கூடுபவர்கள், நாவலின் அந்த ஈரமான களைப்பைத் தேடி வருபவர்களுக்கு த ஒன் ரிங் இரண்டாம் பதிப்பு. 240 பக்கத்தில் அடிப்படை நூல். நடத்துபவர் ஒருவர் படித்தால் போதும், மற்றவர்களுக்கு ஷீட்டும் முதல் இரண்டு மணி நேரமும் கற்றுக்கொடுத்துவிடும். வாங்குகிற வரிசையில் ஸ்டார்டர் செட் முதலில். அதில் சின்னம் பொறித்த பகடைகள் வந்துவிடும். சாதா 12 பக்கப் பகடையிலும் ஆடலாம், 11 விழுந்தால் கண், 12 விழுந்தால் கேன்டால்ஃப் என்று வைத்துக்கொண்டால் சரி. அதை முடித்துவிட்டு எல்லாரும் இன்னும் கேட்டால் அடிப்படை நூல். அதற்கு மேல் பணம் மிஞ்சினால் துணைநூல்கள். மெர்ப்பின் நிலப்படம் ஏதாவது நியாயமான விலையில் கண்ணில் பட்டால் மட்டும் இந்த வரிசையை மீறி உடனே எடுத்துவிடுங்கள், மறுநாள் இருக்காது.